குருதி உறவு – ஒரு வரலாற்று நோக்கு

‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஒரு குடும்பத்தில் பிறந்தோரிடையே உள்ள பிணைப்பு அறிவைக் கடந்தது, உடலோடு ஒன்றியது என்பதே அதன் கருத்து. இரத்த உறவு, இரத்த பாசம், ஒரே இரத்தம் என்னும் தொடர்களும் இக்கருத்தின் வழியே பிறந்தவை. உறவு குருதியில் ஓடுகிறது என்று மாந்தர் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மருத்துவ அறிவியலுக்குக் கிட்டியது.

சோதனையின் முடிவு வியப்பூட்டுவது. ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளின் குருதி ஒன்றோடொன்று சேராமற் போகலாம். கடல் கடந்த நாட்டில் வாழும் முகமறியாத ஒருவரின் குருதி சேரலாம். பின்னர் எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவம் தோன்றியபோது, இதே உண்மை வேறொரு வடிவில் மீண்டும் வெளிப்பட்டது. இவ்விரண்டு வரலாறுகளையும் இணைத்து நோக்கினால் ஒன்று புலப்படும். உயிர்களைக் காத்தது ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு மட்டுமன்று. ‘அழைத்தால் வருகிறேன்’ என்று முன்கூட்டியே தம் பெயரைக் கொடுத்து வைத்த எளிய மக்களின் பட்டியலும் ஆகும். அப்பட்டியலின் வரலாறே இக்கட்டுரை.

இருளில் நடந்த முயற்சிகள்

குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி தம் நூலில் நிறுவினார். சுற்றும் நீர்மத்தை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்றலாமே என்னும் எண்ணம் அதன்பின் பலருக்கும் எழுந்தது. 1667-இல் பாரிஸ் நகரில் ழான் தெனி என்னும் மருத்துவர், ஆட்டுக்குட்டியின் குருதியை ஒரு சிறுவனின் உடலில் செலுத்தினார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். ஆனால், பின்னர்க் கன்றின் குருதி செலுத்தப்பெற்ற ஒருவர் இறந்துபோகவே, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. மருத்துவர் விடுவிக்கப்பட்டாரெனினும், அம்முறை தடைக்குள்ளாயிற்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் எவரும் அத்துறையில் துணிந்து இறங்கவில்லை.

மீண்டும் அதனைக் கையிலெடுத்தவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல். பிள்ளைப்பேற்றின்போது குருதி பெருகி மாண்டுபோகும் தாய்மார்களைக் கண்டு மனம் வருந்திய அவர், மனிதர்க்கு மனிதர் குருதியே பொருந்தும் என்று வாதிட்டு, 1818 முதற்கொண்டு அம்முறையைக் கையாண்டார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏன் பிழைத்தனர், ஏன் மாண்டனர் என்பதை அவரும் அறியார். அக்காலத்தில் வேறு எவரும் அறியார். கணவன் குருதி கொடுத்து மனைவி பிழைத்ததும் உண்டு. நெருங்கிய உறவினர் கொடுத்த குருதியே நஞ்சானதும் உண்டு. அன்பு பொய்யன்று, ஆயினும் அன்பு குருதியின் இயல்பை மாற்றாது.

வியன்னாவில் பிறந்த விளக்கு

இருள் நீங்கிய ஆண்டு 1900. வியன்னா நகரின் ஆய்வுக்கூடமொன்றில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் மருத்துவர், தம் குருதியையும் உடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்துக்கொண்டார். குருதி உறைந்தபின் மேலே தெளியும் மஞ்சள் நீரைத் தனியே பிரித்து, அதனை மற்றவரின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் ஒன்றும் நிகழவில்லை. சிலவற்றில், திரிந்த பாலைப்போல் அணுக்கள் திரண்டு கட்டி கட்டியாயின. கொடுத்தவர் அனைவரும் நோயற்றவர்கள். ஆதலின், இத்திரட்சிக்குக் காரணம் நோயன்று. மனிதருக்கு மனிதர் இயல்பாகவே உள்ள வேறுபாடு என்று அவர் முடிவு கட்டினார்.

1901-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் மூன்று பிரிவுகளை அவர் சுட்டினார். மறு ஆண்டில் அவர்தம் மாணவர்களான தெகாஸ்தெல்லோ, ஸ்டூர்லி ஆகியோர் நான்காம் பிரிவைக் கண்டனர். இன்று நாம் ஏ, பி, ஏபி, ஓ என்று வழங்குவன இவையே. சிவப்பணுவின் மேற்புறத்தில் ‘ஏ’ என்னும் அடையாளப் பொருள் இருப்பின் அது ஏ பிரிவு. ‘பி’ இருப்பின் பி பிரிவு. இரண்டும் இருப்பின் ஏபி. இரண்டும் இல்லையேல் ஓ. தன்னிடம் இல்லாத அடையாளத்தைப் பகையாகக் கருதித் தாக்கும் பொருள் ஒவ்வொருவர் குருதியிலும் உண்டு. பிளண்டலின் நோயாளிகள் சிலர் பிழைத்து, சிலர் மாண்டதன் மறைபொருள் இதுவே.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இப்பிரிவுகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவன என்பதும் தெளிவாயிற்று. வகுப்பறையில் இப்பாடத்தை நடத்தும்போது, ‘ஐயா, என் அண்ணன் இரத்தம் எனக்குச் சேராமல் எப்படிப் போகும்?’ என்று மாணவர் கேட்பதுண்டு. தந்தை ஏ பிரிவாகவும் தாய் பி பிரிவாகவும் இருந்து, இருவரும் ஓ கூற்றையும் மறைவாகச் சுமந்திருப்பின், பிள்ளைகள் நால்வரும் நான்கு வேறு பிரிவினராகப் பிறத்தல் கூடும் என்பதைக் கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்து காட்டிவிடலாம். அக்கட்டத்தைக் கண்ட மாணவன், ‘இரத்த உறவு’ என்னும் சொல்லைப் பின்னர் ஒருபோதும் மேலோட்டமாகப் பயன்படுத்தமாட்டான்.

லாண்ட்ஸ்டைனரின் கண்டுபிடிப்பு உடனே போற்றப்பெறவில்லை. 1907-இல் நியூயார்க் மருத்துவர் ரூபன் ஓட்டன்பர்க், குருதி ஏற்றுமுன் இருவர் குருதியையும் கலந்து பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார். கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசு 1930-இல்தான் கிட்டியது. 1940-இல் அவரும் அலெக்ஸாண்டர் வீனரும் ரீசஸ் என்னும் மற்றுமோர் அடையாளத்தை அறிவித்தனர். நாம் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று சொல்வது அதனைக் குறித்தே.

முதற் பட்டியல்

அறிவு கிடைத்துவிட்டது; கொடுப்போர் எங்கே? அக்காலத்தில் குருதி தேவைப்பட்டால் உறவினரைத் தேடுவர். இல்லையேல் பணம் கொடுத்து வாங்குவர். இந்நிலையை மாற்றியவர் மருத்துவர் அல்லர். இலண்டனைச் சேர்ந்த கேம்பர்வெல் வட்டாரத்தில் செஞ்சிலுவைச் சங்கச் செயலாளராய் விளங்கிய பெர்சி ஆலிவர் என்னும் அரசு ஊழியரே அவர். 1921-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வழி அழைப்பு வந்தது: ஒரு நோயாளிக்கு உடனே குருதி வேண்டும். ஆலிவரும் தோழர்களும் விரைந்து சென்றனர். அவர்களுள் ஒரு தாதியின் குருதி பொருந்தியது; நோயாளி பிழைத்தார்.

பிறராயின் அத்துடன் மனநிறைவு கொண்டிருப்பர். ஆலிவரோ, அடுத்த அழைப்பு வரும்போது இப்படி அலையக்கூடாது என்று எண்ணினார். முன்வந்தோரின் குருதிப் பிரிவைச் சோதித்து, பெயரும் முகவரியும் குறித்து, தம் வீட்டிலேயே ஒரு பட்டியல் வைத்தார். அழைப்பு வந்தால், இரவானாலும் பகலானாலும், பட்டியலில் பொருத்தமானவரைத் தேடி அனுப்புவார். கொடுப்போர்க்குக் கூலி இல்லை. கூலியின்றி, பெயர் பதிந்து, அழைத்தபோது வந்து கொடுக்கும் முறைக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

இதற்கிடையே குருதி உறையாமல் காக்கும் வழியும் தெரிந்திருந்தது. 1914-15 ஆண்டுகளில், சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பதைப் பெல்ஜியம், அர்ஜென்டினா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் தனித்தனியே காட்டினர். 1917-இல் ஆஸ்வல்ட் ராபர்ட்சன் போர்முனையிலேயே பனிக்கட்டியில் குருதியைச் சேமித்து வைத்தார். 1937-இல் சிக்காகோ நகரில் பெர்னார்ட் ஃபேன்டஸ், ‘குருதி வங்கி’ என்னும் பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். போர் ஓய்ந்தபின், 1946-இல் சிங்கப்பூரிலும் குருதி ஊட்டச் சேவை தொடங்கியது.

இனமும் குருதியும்

முதல் உலகப் போரின்போது கிரேக்க நாட்டின் சலோனிகா நகரில் பல நாட்டுப் படைவீரர்கள் கூடியிருந்தனர். லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட், ஹன்னா ஹிர்ஸ்ஃபெல்ட் என்னும் மருத்துவத் தம்பதியர் 16 இனத்தாரைச் சேர்ந்த 8,000-க்கும் மேற்பட்டோரின் குருதியைச் சோதித்து, 1919-இல் முடிவை வெளியிட்டனர். இந்தியப் படைவீரர்களும் அதில் அடங்குவர். நான்கு பிரிவுகளும் எல்லா மக்களிடமும் உண்டு. விழுக்காடு மட்டுமே மாறுபடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. பி பிரிவு இந்தியரிடையே மிகுதி. மேலை ஐரோப்பியரிடையே குறைவு.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தார் கொடுத்த குருதியைத் தனியே பிரித்து வைத்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை. 1950-இல்தான் அவ்வழக்கம் கைவிடப்பெற்றது. நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே கொடை முகாமில் அருகருகே படுத்துக் குருதி கொடுக்கும் காட்சியை நாம் வியப்பின்றிக் காண்கிறோம். அந்த வியப்பின்மையே ஒரு பெரும் பேறு.

எனினும், மரபின் சுவடு குருதியில் இல்லாமலில்லை. ரீசஸ் நெகட்டிவ் குருதி சீனரிடையேயும் மலாய்க்காரரிடையேயும் மிக அரிது. இந்தியரிடையே சற்றே கூடுதல். 1952-இல் பம்பாய் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் துணைவரும், ஓ பிரிவுக் குருதியைக்கூட ஏற்காத ஓர் அரிய வகையைக் கண்டறிந்தனர். ‘பம்பாய் வகை’ என்று பெயர்பெற்ற அது பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்ட வழிவந்தோரிடமே காணப்படுகிறது. அவ்வகையினருக்குக் குருதி வேண்டுமெனில், அவ்வகையினரே கொடுத்தாக வேண்டும். பின்னாளில் பெரிதாய் எழப்போகும் ஒரு சிக்கலுக்கு இது முன்னறிவிப்புப் போன்றது.

எலும்பினுள் இருக்கும் ஊற்று

சிவப்பணு, வெள்ளையணு, குருதித்தட்டு ஆகிய அனைத்தும் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. அவற்றையெல்லாம் ஈனும் தாய் அணுக்களுக்குக் குருத்தணுக்கள் என்று பெயர். இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் நோய் ஆகியவற்றில் ஊற்றே கெட்டுவிடுகிறது. கிணறு கெட்டபின் குடம் குடமாய் நீர் கொண்டுவந்து ஊற்றிப் பயன் என்ன? ஊற்றையே மாற்ற வேண்டும்.

1957-இல் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ், அறுவருக்கு மஜ்ஜை செலுத்திய செய்தியை வெளியிட்டார். அறுவரும் நூறு நாட்களுக்குள் இறந்தனர். 1958-இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆய்வு நிலையத்தில் நேர்ந்த விபத்தில் கடுங்கதிர்வீச்சுக்கு ஆளான அறுவர் பாரிசுக்குக் கொண்டுவரப்பெற்றனர். மருத்துவர் ழார்ஜ் மாத்தே அவர்களுள் ஐவருக்குப் பிரெஞ்சுத் தொண்டர்களின் மஜ்ஜையைச் செலுத்தினார். ஒருவர் இறந்தார், மற்றையோர் நாடு திரும்பினர். மொழியும் அறியாத அயல்நாட்டாருக்காகத் தம் எலும்பைத் துளைக்க இசைந்த அத்தொண்டர்களை வரலாறு மறத்தலாகாது.

அதே 1958-இல் பாரிசில் ழான் தோசே, வெள்ளையணுக்களிலும் ஓர் அடையாளம் உண்டெனக் கண்டார். அதுவே எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்களுள் முதலாவது. அதற்காக 1980-இல் அவரும், மஜ்ஜை மாற்று மருத்துவத்தை வெற்றிபெறச் செய்ததற்காக 1990-இல் தாமசும் நோபல் பரிசில் பங்குபெற்றனர். குருதிப் பிரிவு நான்கே. திசு அடையாளக் கூட்டுகளோ எண்ணிலடங்கா. மஜ்ஜை மாற்றத்திற்குக் குருதிப் பிரிவு ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. திசு அடையாளமே முதன்மை. வேறு பிரிவினர் கொடுத்த குருத்தணு வேரூன்றியபின், பெற்றவரின் குருதிப் பிரிவே கொடுத்தவரின் பிரிவாக மாறிவிடுகிறது!

திசு அடையாளக் கூற்றுகள் தந்தையிடமிருந்து ஒரு பாதி, தாயிடமிருந்து ஒரு பாதி எனத் தொகுதியாக வருகின்றன. ஆகவே, ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கணித ஆசிரியர்கள் இதனைக் கணக்காகவே கொடுக்கலாம். எட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டில், நோயுற்ற ஒருவருக்கு எஞ்சிய எழுவருள் ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 87 விழுக்காடு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது 44 விழுக்காடு. இரண்டே பிள்ளைகள் எனில் 25 விழுக்காடு. நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டப்புறக் குடும்பங்களையும் இன்றைய குடும்பங்களையும் ஒப்பிட்டால், வீட்டிற்கு வெளியே கொடையாளரைத் தேடும் தேவை ஏன் வளர்ந்தது என்பது விளங்கும்.

ஒரு தாயின் பட்டியல்

1971-ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த ஆன்டனி நோலன் என்னும் சிறுவனுக்கு நோயெதிர்ப்பு ஆற்றலை அழிக்கும் அரிய பிறவி நோய் இருந்தது. குடும்பத்தில் பொருத்தமானவர் எவருமில்லை. உறவினர் அல்லாதவர் மஜ்ஜையாலும் உயிர் காக்க முடியும் என்பது 1973-இல் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால், அத்தகையவரை எங்கே தேடுவது? ஆன்டனியின் தாய் ஷெர்லி நோலன், 1974-இல் இலண்டனில் ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். பெர்சி ஆலிவர் குருதிக்குச் செய்ததை, அரை நூற்றாண்டுக்குப்பின் இத்தாய் மஜ்ஜைக்குச் செய்தார். உலகப் பதிவேடுகளுக்கு அது முன்னோடியாய்ப் போற்றப்படுகிறது.

ஆன்டனிக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. 1979-இல், எட்டு வயதும் நிறையாமல் அவன் இறந்தான். தாயோ பதிவேட்டை மூடவில்லை. தம் மகனுக்குக் கிட்டாதது பிறர் மக்களுக்கேனும் கிட்டட்டும் என்று தொடர்ந்தார். 1988-இல், நெதர்லாந்து மருத்துவர் வான் ரூட்டின் முயற்சியால் பல நாட்டுப் பதிவேடுகள் ஒருங்கிணையத் தொடங்கின. இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் உள்ளனர்.

நம்மவர் பெயர் எங்கே?

நான்கு கோடி என்னும் எண் நம்மை மயக்கிவிடக்கூடாது. திசு அடையாளம் மரபுவழி வருவதாகலின், ஒருவருக்குப் பொருத்தமானவர் அவர்தம் இனத்தாரிடையே கிட்டும் வாய்ப்பே மிகுதி. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஐரோப்பிய வழிவந்த வெள்ளையருக்கு முழுப் பொருத்தமுடைய கொடையாளர் கிட்டும் வாய்ப்பு 75 விழுக்காடு என்றும், தென், நடு அமெரிக்கக் கறுப்பினத்தாருக்கு 16 விழுக்காடே என்றும் கணித்தது. நோய் இனம் பார்ப்பதில்லை. பட்டியலின் நீளமே வேறுபாட்டிற்குப் பெருங்காரணம்.

சிங்கப்பூரில் 1993-இல் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் தோன்றியது. மலேசியாவில் முதல் மஜ்ஜை மாற்று மருத்துவம் 1987-இல் நடைபெற்றது. குருத்தணுக் கொடையாளர் பதிவேடு 2000-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் தொடங்கப்பெற்றது. லாண்ட்ஸ்டைனர் ஆய்வு செய்த அதே 1900-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றதே அக்கழகம் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. தமிழகத்தில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடைபெறுகிறது. சென்னையில் 2009-இல் தாத்ரி என்னும் பதிவேடு உருவாயிற்று. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்குப் பொருத்தமானவர் அங்கே ஒரு சிற்றூரில் இருக்கலாம். அங்குள்ளவருக்குப் பொருத்தமானவர் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கலாம். தாத்தா கப்பலேறியபோது பிரிந்த மரபு, திசு அடையாளத்தில் இன்னும் பிரியாமல் இருக்கின்றது.

பெற்றோரின் பாதிப் பொருத்தத்தைக் கொண்டே மாற்று செய்யும் முறையும், தொப்புள்கொடிக் குருதியைப் பயன்படுத்தும் முறையும் இன்று வளர்ந்துள்ளன. இவை பெரும் ஆறுதல். ஆயினும், முழுப் பொருத்தமுடைய கொடையாளரின் தேவை அற்றுப் போய்விடவில்லை.

வாக்கும் வாழ்வும்

பதிவது எளிது. சிறிதளவு குருதியோ, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்த மாதிரியோ போதும். பதிந்தோருள் மிகச் சிலரே பின்னர் அழைக்கப்பெறுவர். அவ்வாறு அழைக்கப்பெற்றோருள் பெரும்பாலோர், நான்கைந்து நாட்கள் ஊசி மருந்து ஏற்றுக்கொண்டு, பின் சில மணி நேரம் படுத்திருந்து, கைந்நரம்பின் வழியே குருத்தணுக்களைக் கொடுப்பர். எலும்பு வலி, தலைவலி தோன்றலாம். சில நாட்களில் நீங்கும். சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பர். முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி முடமாக்கிவிடுவர் என்னும் அச்சம் ஆதாரமற்றது. கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். குமணன் தன் தலையையே கொடுக்க முன்வந்தான். சிபி தன் தசையை அரிந்து கொடுத்தான் என்று கதைகள் கூறும். இக்கொடையிலோ கொடுத்தவர் ஒன்றையும் இழப்பதில்லை.

ஆனால், இதில் ஒரு பொறுப்பு உண்டு. அதனை மாணவர்க்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிய குருத்தணுவை ஏற்குமுன், நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிடுவர். அந்நிலையில் கொடையாளர் அஞ்சியோ, வீட்டார் சொல் கேட்டோ பின்வாங்கினால், நோயாளிக்குப் பழைய ஊற்றும் இல்லை. புதிய ஊற்றும் இல்லை. முகாமில் கூட்டத்தோடு கூட்டமாய்ப் பெயர் கொடுத்துவிட்டு, அழைக்கும் நாளில் தொலைபேசியை எடுக்காதிருப்பது எத்தகைய தீங்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பதியுமுன்பே பெற்றோரிடம் பேசித் தெளிவது நன்று. மனம் இசையாவிடில் பதியாதிருப்பதும் குற்றமன்று. பதிந்தபின் மாறுவதே குற்றம்.

பதினெட்டு வயது நிரம்பாத மாணவர்களை நாம் பதியச் சொல்வதற்கில்லை. ஆனால், அவர்கள் அகவை நிரம்பிப் பல்கலைக்கழகத்திலோ தொழிற்சாலையிலோ இருக்கும்போது ஒரு முகாம் எதிர்ப்படும். அன்று அவர்கள் அஞ்சி விலகுவதும், அறிந்து முன்வருவதும் இன்று வகுப்பறையில் நாம் சொல்லிக் கொடுப்பதைப் பொறுத்தது. அறிவியல் பாடத்தில் நான்கு பிரிவுகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வித்து நிறுத்திவிடாமல், ஆலிவரின் பட்டியலையும் ஷெர்லி அம்மையாரின் பதிவேட்டையும் அவர்களுக்குக் கதையாகச் சொல்வோம்.

தன் தசை ஆடும் என்றனர் முன்னோர். யார் தன் தசை என்பது சோதித்துப் பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது என்கிறது அறிவியல். தெரியாத அந்த உறவினருக்காக நம் பெயரை எழுதி வைப்பதும், அழைத்த நாளில் சொன்ன சொல் தவறாமல் செல்வதுமே குருதி உறவு என்னும் சொல்லுக்கு இக்காலம் தரும் பொருளாகும்.